தெருவுக்குப் போட்ட சாலையின் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

சிமெண்ட் சாலை போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜல்லி பெயர்ந்து நிற்கிறது. அலுவலகத்தில் போய்க் கேட்டால் "எஸ்டிமேட்படிதான் போட்டிருக்கோம்" என்பார்கள். அந்த எஸ்டிமேட்டைக் காட்டுங்கள் என்றால் "அதெல்லாம் ஆபீஸ் ரெக்கார்டு, வெளியாளுக்குக் காட்ட முடியாது" என்று அடுத்த பதில் வரும். முதல் பதில் உண்மையாக இருக்கலாம். இரண்டாவது பதில் சட்டப்படி தவறு. சாலைக்குச் செலவான பணம் நீங்கள் கட்டிய சொத்துவரியிலிருந்தும், கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்த ஜி.எஸ்.டி.யிலிருந்தும் வந்தது. அதன் கணக்கைப் பார்க்கும் உரிமையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

புதிதாக மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தை எழுதிவிடுகிறார்கள். "ஏன் தரமற்ற சாலை போட்டீர்கள்? யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்டால், "கோரிய விவரம் தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரு வரியில் மனு முடிந்துவிடும். அலுவலகத்தில் ஏற்கனவே இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கம் தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சி.பி.எஸ்.இ. வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் விளக்கம் கேட்காதீர்கள், காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்தச் சட்டத்துக்கு வழி போட்ட போராட்டமும் அப்படித்தான் நடந்தது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பின் கிராமத்து மக்கள் கேட்டது கூலிப் பட்டியலையும் பில்லையும். "ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்", எங்கள் பணம், எங்கள் கணக்கு, என்று சொல்லி 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள்.

காகிதங்களுக்குப் பெயர் உண்டு

ஒரு சாலைப் பணி நடந்தால் அதன் பின்னால் ஒரு கோப்பு இருந்தே தீரும். பணத்தை ஒதுக்கச் சம்மதித்த நிர்வாக அனுமதி. பொறியாளர் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்த தொழில்நுட்ப அனுமதி. நீளம், அகலம், கனம், கலவை, விலை எல்லாம் இருக்கும் விரிவான மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட். ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) ஆவணங்கள், பணி உத்தரவு, ஒப்பந்த உடன்படிக்கை. பணம் கொடுத்த பட்டியல். கடைசியில் பணி நிறைவுச் சான்று.

இவற்றில் உயிர்நாடி அளவுப் புத்தகம். அலுவலகத்தில் எல்லோரும் எம்-புக் என்பார்கள். வேலை நடந்த இடத்துக்குப் பொறியாளர் நேரில் போய் அளந்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டு எழுத வேண்டிய புத்தகம் அது. அதில் எழுதிய அளவுக்குத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். மதிப்பீடு என்பது செய்யப்போவதாகச் சொன்னது, எம்-புக் என்பது செய்ததாகச் சொல்வது, சாலை என்பது உண்மையில் செய்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பு தானே வெளியே வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதிப்பீட்டில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம், எம்-20 என்ற தரத்துக் கான்கிரீட் கலவை என்று இருக்கிறது என்று வையுங்கள். கான்கிரீட் 45 கன மீட்டர். எம்-புக்கிலும் 45 என்றே எழுதியிருக்கிறார்கள். சாலையில் உண்மையான கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் போட்டது 30 கன மீட்டர். 15 கன மீட்டர் காணோம். எம்-20 கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட் வேண்டும். அப்படியானால் 120 மூட்டை சிமெண்டும் அதற்குரிய மணலும் ஜல்லியும் கணக்கில் மட்டும் இருக்கின்றன. கண்ணுக்கு வெறும் 5 சென்டிமீட்டர்தான், பணத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இன்னொரு காகிதத்தைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்: ஒப்பந்ததாரரிடமிருந்து பிடித்து வைத்த வைப்புத்தொகை பற்றிய விவரம். உத்தரவாதக் காலம் எவ்வளவு என்பது உடன்படிக்கையில் இருக்கும். அந்தக் காலத்துக்குள் சாலை பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்து கொடுக்க வேண்டும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலையென்றால் அதே ஒப்பந்ததாரர் 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். எனவே இந்த ஒரு கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள்.

யாருக்கு எழுதுவது

சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். ஊராட்சித் தெரு என்றால் மதிப்பீடும் எம்-புக்கும் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளர் பிரிவில் இருக்கும். நகராட்சித் தெரு என்றால் நகராட்சி அலுவலகம், மாநகராட்சி என்றால் உங்கள் மண்டல அலுவலகம். ஊருக்கு வெளியே போகும் சாலை என்றால் மைல்கல்லின் தலையைப் பாருங்கள்: மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலைத் திட்டம்.

அதிகாரியின் பெயர் தெரிய வேண்டியதில்லை. "பொதுத் தகவல் அலுவலர்" என்று போட்டு அலுவலகத்தின் பெயரை எழுதினால் போதும். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பிவைத்து உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். "இது எங்களுக்கு உரியதல்ல" என்று மனுவைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

மனு

மனுவைத் தமிழில் எழுதலாம். தமிழ்நாட்டில் இருக்கும் மத்திய அரசு அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம், பிரிவு 6(1) அதற்கு இடம் கொடுக்கிறது. சங்கத்தின் பெயரில் அனுப்பாதீர்கள். உரிமை குடிமகனுக்கு என்று சட்டம் சொல்வதால், சங்கத் தலைவர் என்று கையெழுத்துப் போட்டால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். தனி நபராக எழுதுங்கள். மனுவின் உடல் இப்படி இருக்கலாம்:

"பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன்படி தகவல் கோருதல்.

எங்கள் ஊராட்சி 3-ஆவது வார்டு மாரியம்மன் கோவில் தெருவில் 2024–25 நிதியாண்டில் போடப்பட்ட சிமெண்ட் சாலைப் பணி தொடர்பான கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை வழங்கக் கோருகிறேன்.

1. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ஆணைகள்.
2. வரைபடத்துடன் கூடிய விரிவான மதிப்பீடு.
3. பணி உத்தரவு, ஒப்பந்த உடன்படிக்கை.
4. அளவுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய எல்லாப் பக்கங்களும்.
5. தரக்கட்டுப்பாட்டுச் சோதனை முடிவுகள்.
6. பணம் வழங்கிய பட்டியல்கள், தேதி, தொகை.
7. பிடித்தம் செய்த வைப்புத்தொகை, அதை விடுவித்த தேதி.

நான் இந்தியக் குடிமகன். கட்டணமாக ரூ.10-க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியுள்ளேன்."

இவ்வளவுதான். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டாம், பிரிவு 6(2)-இன்படி காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஒரு மனுவில் ஒரு பணி மட்டும். தெருவிளக்கு, குடிநீர், நூலகம் எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டால் நாலு மேசைக்குப் போய் நாலாவது மேசையில் படுத்துவிடும். தெருப் பெயரும் நிதியாண்டும் துல்லியமாக இருக்கட்டும். "கடந்த பத்தாண்டுகளில் போட்ட எல்லாச் சாலைகளும்" என்று கேட்டால், தேடித் தொகுத்தால் அலுவலக வேலை கெடும் என்று பிரிவு 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு கேட்ட வடிவத்தை மாற்றத்தான் சொல்கிறது, மறுக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வம்பை நீங்களே ஏன் வரவழைக்க வேண்டும்?

கட்டணமும் தபாலும்

தமிழக அரசு அலுவலகங்களுக்கு ரூ.10-க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் (நீதிமன்றக் கட்டண வில்லை) ஒட்டினால் போதும். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முத்திரைத்தாள் விற்பனையாளரிடம் கிடைக்கும். மத்திய அரசு அலுவலகத்துக்கு இந்த ஸ்டாம்ப் செல்லாது, அங்கே ரூ.10 போஸ்டல் ஆர்டர். இந்த ஒரு குழப்பத்தால் திரும்பி வரும் மனுக்கள் ஏராளம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை, சான்றின் நகலை இணைக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் மனுவை ஸ்டாம்ப் ஒட்டிய நிலையில் செல்போனில் படமெடுத்து வையுங்கள். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் தபால் எண்ணைப் போட்டு, எந்தத் தேதியில் சேர்ந்தது என்ற பக்கத்தையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் வராது. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "வெச்சிட்டுப் போங்க, அப்புறம் போட்டுத் தர்றோம்" என்றால், வெளியே வந்து தபாலில் அனுப்பிவிடுங்கள்.

30 நாள்

மனு அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். உயிர், உடல் சுதந்திரம் பற்றியது என்றால் 48 மணி நேரம். இடையில் "நகல் கட்டணமாக இவ்வளவு கட்டுங்கள்" என்று கடிதம் வரலாம். தமிழ்நாட்டில் ஒரு பக்கத்துக்கு ரூ.2. அந்தக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது. அதனால் கடிதம் வந்ததும் கட்டிவிடுங்கள். ஆனால் 30 நாள் கடந்த பிறகு கட்டணம் கேட்டால் கட்ட வேண்டாம். தாமதமானால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பிரிவு 7(6). இதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

மறுப்புகள், அவற்றுக்குப் பதில்

"ஒப்பந்ததாரர் மூன்றாம் நபர், அவர் சம்மதிக்கவில்லை." பிரிவு 11 என்பது மூன்றாம் நபரின் கருத்தைக் கேட்கும் நடைமுறை மட்டுமே, மறுப்புக்கான காரணம் அல்ல. அவருக்கு 5 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அவர் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும், முடிவெடுப்பவர் தகவல் அலுவலர். பொதுப் பணத்தில் கொடுத்த பில்லில் வணிக ரகசியம் எதுவும் இல்லை.

"தனிப்பட்ட தகவல்." இது இப்போது அதிகம் வரும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 மூலம் பிரிவு 8(1)(ஜே)-ஐ மாற்றி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். தனியுரிமையின் பெயரால் பொதுச்செலவுக்குத் திரை போடும் மாற்றம் இது, மோசமான மாற்றம். ஆனாலும் இரண்டு வழி திறந்திருக்கிறது. பிரிவு 8(2): காப்பதால் வரும் தீங்கைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிது என்றால் தரலாம். பிரிவு 10: தனிப்பட்ட வரிகளை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும். ஒப்பந்ததாரரின் வங்கிக் கணக்கு எண் உங்களுக்கு வேண்டாம், நீளம், அகலம், கனம்தான் வேண்டும் என்று மேல்முறையீட்டில் தெளிவாக எழுதுங்கள்.

"கோப்பு கிடைக்கவில்லை." இது சட்டத்தில் சொன்ன விலக்கு அல்ல. கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பு ஆணையின் நகல், காணாமல் போயிருந்தால் அதற்காகக் கொடுத்த புகாரின் நகல், இரண்டையும் அடுத்த மனுவில் கேளுங்கள். பல நேரம் அதற்குள் கோப்பு கிடைத்துவிடும்.

"நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்." தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள், போய் உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், ஒருவர் பார்க்க ஒருவர் எழுத வசதி. கோப்பின் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு தேவையான பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்டால் செலவும் மிச்சம். எம்-புக்கில் மூன்று விஷயம் பாருங்கள்: அளந்த தேதி, கையெழுத்துகள், அடித்தல் திருத்தல். வேலை முடிந்ததாகச் சொல்லும் தேதிக்கு முன்பே முழு அளவும் எழுதப்பட்டிருந்தாலோ, மதிப்பீட்டின் எண்கள் ஒரு புள்ளி மாறாமல் அப்படியே எம்-புக்கில் இருந்தாலோ, அது மேசையில் உட்கார்ந்து எழுதிய அளவாக இருக்கலாம். நிஜச் சாலை எதுவும் மதிப்பீட்டோடு சென்டிமீட்டர் பிசகாமல் பொருந்தாது.

பதிலே வராமல் இருப்பதும் ஒரு மறுப்புதான். 30 நாள் முடிந்தால் மறுத்ததாகவே சட்டம் கொள்கிறது.

மேல்முறையீடு

மறுப்பு வந்த நாளிலிருந்து, அல்லது பதில் வராமல் கெடு முடிந்த நாளிலிருந்து, 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும், பிரிவு 19(1). மனுவின் நகல், தபால் ரசீது, வந்த பதில், எதனால் அந்தப் பதில் தவறு என்று நாலு வரி. தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளில், முடிவு சொல்ல வேண்டும். கணிசமான தகவல்கள் இந்தக் கட்டத்தில் வந்துவிடும். மேலதிகாரியின் கையில் காகிதம் போனால் கீழே இருப்பவர் கோப்பைத் தேடுவார்.

அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு, பிரிவு 19(3). இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. பிரிவு 18-இன்படி புகார் கொடுத்தால் ஆணையம் அலுவலருக்குத் தண்டத்தொகை விதிக்கலாம், ஆனால் தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று 2011-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தகவல் வேண்டுமென்றால் 19(3)-இல்தான் போக வேண்டும். அதிலேயே பிரிவு 20(1)-இன்படி தண்டத்தொகையும் கோருங்கள். நாளுக்கு ரூ.250, அதிகபட்சம் ரூ.25,000, அலுவலர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அலைச்சலுக்கும் செலவுக்கும் 19(8)(பி)-இன்படி இழப்பீடும் கேட்கலாம், ரசீதுகளை இணையுங்கள். விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இந்தச் சட்டத்தின் பெரிய பலவீனம் இந்தக் காத்திருப்புதான். அதனால்தான் முதல் மனுவை ஓட்டையில்லாமல் எழுதச் சொல்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. மனு போட்ட மறுநாளே ஒப்பந்ததாரரின் ஆள் வீட்டுக்கு வருவது நடக்கிறது. தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் நாட்டின் பல பகுதிகளில் நடந்திருக்கிறது. முகவரி தர விருப்பமில்லை என்றால் தபால் பெட்டி எண் கொடுக்கலாம், 2013-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அதைவிட எளிய பாதுகாப்பு, ஒரே பணிக்கு நாலைந்து பேர் தனித்தனியாக மனு போடுவது. ஒருவரை மிரட்டிப் பயனில்லை என்று தெரிந்துவிடும். மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள்.

வரியும் நோட்டீசும்

இதே முறை, அலுவலகம் தன் அதிகாரத்தை மீறும்போதும் பயன்படும். சொத்துவரி திடீரென்று ஏறிவிட்டது, இல்லாத ஒரு கட்டணம் கேட்கிறார்கள், கடையை மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுகிறார்கள் என்றால் கேட்க வேண்டியவை மூன்று: எந்த அரசாணை, எந்த மன்றத் தீர்மானம், என் பெயரிலான கோப்பின் குறிப்புப் பக்கங்கள். 2022-இல் தமிழக நகரங்களில் சொத்துவரி உயர்ந்தபோது, கட்டட அளவைத் தப்பாகப் பதிந்ததால் கூடுதல் வரி வந்ததா என்பதை வரிவிதிப்புப் பதிவேட்டின் நகலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: தகவல் மனு போட்டதால் வரியின் கெடுவோ நோட்டீசின் கெடுவோ நிற்காது. ஆட்சேபணையைத் தனியாக, கெடுவுக்குள் கொடுத்தாக வேண்டும்.

நகல்கள் கைக்கு வந்த பிறகு

டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். நீளம், அகலம் அளப்பது சுலபம். கனத்துக்கு, குடிநீர்க் குழாய்க்காகச் சாலையை வெட்டிய இடம் இருந்தால் குறுக்குவெட்டு அப்படியே தெரியும். ஓரத்தை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள், ஓரத்தில் முழுக்கனம் இருந்து நடுவில் மண்ணை மேடாக்கியிருப்பார்கள். குறைந்தது ஐந்து இடத்தில் அளந்து, டேப்போடு சேர்த்துப் படமெடுத்து, தேதியும் வீட்டு எண்ணும் குறியுங்கள். சந்தேகம் உறுதியானால் சாலையில் துளையிட்டு மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறுவதும் பிரிவு 2(ஜே)-இன்படி உங்கள் உரிமை. சாலையில் நீங்களாக எதையும் உடைக்காதீர்கள், பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஊராட்சி என்றால் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஆண்டுக்கு ஆறு நாள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "சாலை மோசம்" என்று பேசாமல், "மதிப்பீட்டில் 15, எம்-புக்கில் 15, சாலையில் 10" என்று மூன்று எண்ணையும் படியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதவைத்து, எழுதிய பக்கத்தைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு தீர்மானத்தை எழுதும் பழக்கம் இருக்கிறது.

நகரம் என்றாலும் ஊராட்சி என்றாலும் அதே மூன்று எண்களோடு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கு எழுதலாம். தணிக்கையாளர் குறை கண்டு எழுதுவதைத் தணிக்கைத் தடை என்பார்கள். உங்கள் உள்ளாட்சியின் கடந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும், தடைகளுக்கு அலுவலகம் கொடுத்த பதில்களையும் தகவல் மனுவில் கேட்டு வாங்குங்கள். உங்கள் தெருவே அதில் ஏற்கனவே இருக்கலாம். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவதானால் சான்றிட்ட நகல்களோடு போங்கள், மூல நகலை வீட்டில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கொடுங்கள். வைப்புத்தொகை இன்னும் விடுவிக்கப்படவில்லை என்று தெரிந்தால் அன்றே ஒரு கடிதம்: "இந்தச் சாலையின் குறைகள் சரிசெய்யப்படும் வரை வைப்புத்தொகையை விடுவிக்க வேண்டாம்." படங்களை இணைத்து, செயற்பொறியாளருக்கும் ஆணையருக்கும் அல்லது வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (பி.டி.ஓ.), ஸ்பீட் போஸ்ட்டில்.